போ டிட்லி: பாட்டும் பாடும்

எங்க தாத்தா பறை அடிச்சவர். எங்க அப்பா அதைத் தொடமாட்டேன்னு சொன்னவர். ரெண்டு பேருக்கும் நடுவில் வளர்ந்தவன் நான். ஊர்க்காரன் வீட்டுச் சாவுக்கு இனி அடிக்கப் போவதில்லை என்று எங்கள் தெரு முடிவெடுத்த அன்று தாத்தாவின் பறை பரணுக்குப் போனது. அது சரியான முடிவு. இன்றுவரை எனக்கு அதில் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் பறை பரணுக்குப் போன பிறகும் தாத்தாவின் கை சும்மா இருக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்தால் தொடையில் அடித்துக்கொண்டே இருப்பார்.

கல்லூரியில் படித்தபோது விடுதி நண்பன் ஒருவன் கொடுத்த கேசட்டை விடுமுறையில் வீட்டில் போட்டேன். அமெரிக்கக் கறுப்பர் ஒருவரின் பழைய ராக் பாட்டு. எனக்கு வார்த்தை பிடிபடவில்லை. தாத்தாவுக்கு வார்த்தையே தேவைப்படவில்லை. ரெண்டாவது சுற்று வருவதற்குள் அந்த அடி அவர் தொடையில் விழுந்துவிட்டது. மூணு அடி, கொஞ்சம் மூச்சு, அப்புறம் ரெண்டு அடி.

"யாருடா இவன், நம்மாளு மாதிரி அடிக்கிறான்?"

"போ டிட்லி, தாத்தா."

"யாரைப் போங்கிற?"

"அவரு பேரே போ தான்."

"அதானே. அடிக்கிறவனைப் போன்னுதான் சொல்லுவானுங்க. வான்னு எவன் சொல்லியிருக்கான்?"

அன்று சிரித்தோம். பிறகு போ டிட்லியின் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்தபோது, தாத்தா சொன்னது வேடிக்கை இல்லை என்று தெரிந்தது.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருப் பிள்ளைகள் பறையைப் பரணிலிருந்து இறக்கினார்கள். சாவுக்கு இல்லை, மேடைக்கு. நல்லது என்றேன். கொஞ்ச நாளில் நகரத்திலிருந்து ஒருவர் வந்து ஒலிப்பதிவுக்குக் கூட்டிப்போனார். காலையிலிருந்து ராத்திரி வரை அடித்தார்கள். தலைக்கு ஐநூறு ரூபாய், ஒரு பிரியாணிப் பொட்டலம், கையெழுத்து போட ஒரு தாள். தாளில் என்ன இருந்தது என்று ஒருத்தனும் படிக்கவில்லை. பாட்டு வெளிவந்தது. டீக்கடையில் கேட்டேன். தாத்தாவின் அடி அப்படியே இருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் பெயர் எங்கேயும் இல்லை. அந்த டீக்கடையில் நிற்கும்போது எனக்கு போ டிட்லியின் ஞாபகம்தான் வந்தது.

*

1928 டிசம்பர் 30. அமெரிக்காவின் தென் பகுதியில் உள்ள மிஸிஸிப்பி மாகாணம், மெக்கோம் என்ற ஊர். அங்கே ஒரு சின்ன வயசுத் தாய்க்கு எல்லாஸ் பேட்ஸ் பிறந்தார். தாயின் உறவுக்காரப் பெண்ணான கஸ்ஸி மெக்டேனியல் எடுத்து வளர்த்ததால் எல்லாஸ் மெக்டேனியல் ஆனார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் ஓட்டுப் போட முடியாது, வெள்ளையர் பள்ளியில் படிக்க முடியாது, வாரத்துக்கு உழுதால் கடன்தான் மிஞ்சும். 1961இல் இதே மெக்கோமில் கறுப்பின இளைஞர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் இயக்கம் தொடங்கினார்கள். 1964இல் கறுப்பர்களின் வீடுகளிலும் தேவாலயங்களிலும் அடுத்தடுத்துக் குண்டு வெடித்தது. அப்படிப்பட்ட ஊர்.

1934 வாக்கில் கஸ்ஸி குடும்பத்தோடு சிகாகோவுக்குக் கிளம்பினார். இலட்சக்கணக்கான கறுப்பர்கள் பருத்திக் காட்டைவிட்டு வடக்கே தொழிற்சாலை நகரங்களுக்குப் போன காலம் அது. மூட்டையில் துணி போனது, சட்டி போனது. மூட்டையில் கட்டாமலே இன்னொன்றும் போனது. அந்த அடி.

*

அந்த அடி எங்கிருந்து வந்தது? இதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. தெற்குக் கரோலினாவில் ஸ்டோனோ என்ற ஆற்றங்கரையில் சுமார் இருபது அடிமைகள் கூடினார்கள். கடையை உடைத்து ஆயுதம் எடுத்தார்கள். விடுதலை என்று கூவிக்கொண்டு, கொடி பிடித்து, முரசு கொட்டிக்கொண்டு தெற்கே நடந்தார்கள். முரசுச் சத்தம் கேட்டு வழியெல்லாம் ஆள் சேர்ந்தது. கலகம் சீக்கிரமே நசுக்கப்பட்டது. ஆனால் ஆண்டைகளின் காதில் அந்தச் சத்தம் நிற்கவில்லை. 1740இல் சட்டம் போட்டார்கள். அடிமைகள் முரசு, கொம்பு முதலிய உரத்த கருவிகளை வைத்திருக்கக் கூடாது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு: அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் நூறு பவுண்டு அபராதம்.

கவனிக்க வேண்டும். முரசும் எழுத்தும் ஒரே சட்டத்தில். ஆண்டை முட்டாள் இல்லை. எந்த இரண்டு அடிமையின் கைக்குப் போகக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

முரசைப் பிடுங்கியாயிற்று. உடம்பைப் பிடுங்க முடியுமா? உடம்புதான் வேலை செய்யவேண்டும். அப்போது உடம்பையே முரசாக்கினார்கள். தொடை, மார்பு, கன்னம், உள்ளங்கை, பாதம். இதைப் பாட்டிங் ஜூபா என்றார்கள், ஹாம்போன் என்றார்கள். பிள்ளைகள் தெருவில் விளையாட்டாகச் செய்தார்கள். எழுத்து இல்லாமல், கருவி இல்லாமல், தொடையிலிருந்து தொடைக்கு அந்த அடி இருநூறு வருஷம் கடந்தது. கியூபாவில் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களிடமும் இதன் உடன்பிறப்பு இருக்கிறது. இரண்டு கட்டைகளைத் தட்டி மூணும் ரெண்டுமாக வரும் அந்தத் தாளத்துக்கு அங்கே கிளாவே என்று பெயர்.

போ டிட்லியிடமே கேட்டால் ஒரே பதில் வராது. ஜீன் ஆட்ரி என்ற வெள்ளைக்கார கௌபாய் பாடகரின் பாட்டு ஒன்றை வாசிக்க முயன்றபோது கையில் சிக்கியது என்றும் சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சியாளர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இல்லை. தாத்தாவிடம், இந்த அடியை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் அவரும் நாளுக்கொரு பதில்தான் சொல்வார். கைக்குத் தெரிந்ததெல்லாம் வாய்க்குத் தெரிவதில்லை.

*

சிகாகோவில் அந்தப் பையன் முதலில் கற்றது வயலின். எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஓ.டபிள்யூ. ஃப்ரெடரிக் என்ற ஆசிரியர் பல வருஷம் சொல்லிக்கொடுத்தார். மேற்கத்திய செவ்விசை. ஆனால் வேறு சபைகளில் கைதட்டிக் குலுங்கிப் பாடும் பாட்டுதான் பையனை இழுத்தது. அக்கா ஒரு கிதார் வாங்கிக்கொடுத்தார். தொழிற்பள்ளியில் மரவேலை படித்து, வயலினும் கிதாரும் தானே செய்தார். தச்சு வேலை பார்த்தார், மெக்கானிக் வேலை பார்த்தார், குத்துச்சண்டை போட்டார். பொழுது சாய்ந்தால் தெருமுனையிலும் மேக்ஸ்வெல் தெருச் சந்தையிலும் தொப்பியை வைத்து வாசித்தார். கூட ஜெரோம் கிரீன். அவர் கையில் மராக்காஸ், அதாவது உள்ளே விதை போட்டுக் குலுக்கும் கிலுக்கு. தெருவில் முழு டிரம் செட்டைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. கிலுக்கு சட்டைப்பையில் போகும்.

பின்னாளில் உலகம் முழுக்கத் தெரிந்த அவருடைய பெட்டிக் கிதாரும் இந்தத் தச்சனின் புத்திதான். 1958இல் கிரெட்ஷ் கம்பெனி அவருக்காக அந்த நீள்சதுரக் கிதாரைச் செய்தது. இடுப்பு, வளைவு எதுவும் இல்லாத மரப்பெட்டி. கிதாரை மெட்டுக்கு வைத்துக்கொண்டவர்கள் ஆயிரம் பேர். இவர் அதைக் கொட்டாக்கினார். நரம்பைத் தடவவில்லை, அறைந்தார். முரசைத் தடை செய்த நாட்டில் நரம்புக் கருவியிலிருந்து முரசுச் சத்தம் வந்தது.

1955இல் செஸ் சகோதரர்களின் செக்கர் நிறுவனத்தில் முதல் இசைத்தட்டு. ஒரு பக்கத்துப் பாட்டின் பெயர் 'போ டிட்லி'. பாடுபவரின் பெயரும் அதேதான். பேட்ஸ் என்பது பிறப்பில் வந்த பெயர், மெக்டேனியல் வளர்ப்பில் வந்த பெயர், போ டிட்லி தெருவில் வந்த பெயர். தென்மாகாண ஏழைப் பிள்ளைகள் சுவரில் ஒற்றைக் கம்பியை அறைந்து, பாட்டிலை முட்டுக்கொடுத்து வாசிக்கும் கருவிக்கு டிட்லி போ என்று பெயர். அதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, இல்லை என்பாரும் உண்டு. அந்தத் தெருப் பெயரையே பாட்டுக்குப் பாட்டு அவர் சொன்னார். தற்பெருமை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். பெயரே இல்லாமல், ஆண்டையின் பெயரைச் சுமந்து செத்தவர்களின் பேரன் தன் பெயரை நூறு தடவை சொன்னால் அது தற்பெருமையா? எங்க தாத்தாவை அவர் பேரன் வயசுப் பையன் பெயர் சொல்லி, வாடா போடா என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு அது தற்பெருமையாகக் கேட்கவில்லை.

இசைத்தட்டின் மறுபக்கம் 'ஐ ஆம் எ மேன்'. எழுபது வயசுக் கறுப்பனையும் 'பாய்', அதாவது பயலே என்று கூப்பிட்ட நாட்டில், நான் வளர்ந்த ஆள் என்று ஒருவன் மைக்கில் சொன்னான். பதிமூன்று வருஷம் கழித்து, 1968இல், மெம்பிஸ் நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் ஆயிரத்து முந்நூறு பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டையிலும் இதே வாக்கியம்தான். அந்தப் பாட்டிலிருந்து இவர்கள் எடுத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஒரே காயம் இரண்டு இடத்தில் ஒரே வார்த்தையைப் பேசியது, அவ்வளவுதான். ஆனால் மெம்பிஸில் அந்த வார்த்தைக்கு மனிதன் என்று அர்த்தம். பாட்டில் அது ஆம்பளை ஜம்பம். இந்த வித்தியாசத்தை நம் பெண் தோழர்கள் சுட்டிக்காட்டினால் நான் மறுக்கமாட்டேன்.

அதே மனிதர்தான் பெண்கள் கிதாரைத் தொடாத காலத்தில் பெண்களைக் கிதாரோடு மேடையில் நிறுத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1957இல் பெக்கி ஜோன்ஸ் குழுவுக்கு வந்தார். பின்பாட்டுப் பாட இல்லை, கிதார் வாசிக்க. 1962இல் நார்மா ஜீன் வோஃபோர்ட் வந்தார், மேடைப் பெயர் டச்சஸ். ஊர் ஊராகப் போகும்போது மற்ற ஆண்களிடமிருந்து காப்பாற்ற, இவள் என் தங்கச்சி என்று போ டிட்லி சொல்லிவைத்தாராம்.

*

1955 நவம்பர் 20. எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சி. அமெரிக்காவே பார்க்கும் மேடை. அப்போது பரபரப்பாக இருந்த 'சிக்ஸ்டீன் டன்ஸ்' என்ற பாட்டைப் பாடச் சொன்னார்கள். அது இன்னொருவர் பாட்டு. நேரலையில் போய் நின்றவர் அடித்தது தன் சொந்த அடியை. சல்லிவன் கொதித்துப்போனார். போ டிட்லி பின்னாளில் சொன்ன கணக்குப்படி, சல்லிவன் அவரைத் துரோகம் செய்த கறுப்புப் பயல் என்று திட்டினார், போ டிட்லியும் பதிலுக்குச் சும்மா விடவில்லை. திரும்ப அந்த மேடை அவருக்குக் கிடைக்கவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். புரிந்து செய்தாரோ புரியாமல் செய்தாரோ, எதை அடி என்று சொல்கிறார்களோ அதை மட்டும் அடிக்கும் கை அது இல்லை.

இனி அந்த அடி என்ன ஆனது என்று பார்ப்போம். 1957இல் பட்டி ஹாலி என்ற வெள்ளை இளைஞர் அதை வைத்து 'நாட் ஃபேட் அவே' செய்தார். 1961இல் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டில் அது வந்தது. 1963இல் போ டிட்லி இங்கிலாந்துக்குச் சுற்றுப்பயணம் போனபோது அதே மேடைகளில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற புதுப் பையன்களும் வாசித்தார்கள். குருநாதர் இருக்கும் மேடையில் அவர் பாட்டைப் பாடக் கூடாது என்று மரியாதைக்கு விட்டுவைத்தார்கள். 1964இல் அதே அடியோடு பட்டி ஹாலியின் பாட்டைப் பாடி மேலே போனார்கள். அப்புறம் தி ஹூ, 1987இல் ஜார்ஜ் மைக்கேல், 1988இல் யூ டூ. பட்டியல் நீளும். உலகத்தில் கிதார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் அந்த அடிக்கு 'போ டிட்லி பீட்' என்றே பெயர் சொல்கிறார்கள். பெயர் இருக்கிறது. காசு?

காப்புரிமைச் சட்டத்தில் பாட்டின் மெட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு, வரிகளுக்குச் சொந்தக்காரர் உண்டு. வெறும் தாளத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. தாளில் எழுதக்கூடியதற்குச் சொத்துரிமை. உடம்பில் இருப்பது புறம்போக்கு. யார் வேண்டுமானாலும் பட்டா போட்டுக்கொள்ளலாம். தாளத்துக்குச் சொத்துரிமை கொடுத்தால் ஒருத்தனும் வாசிக்க முடியாதே என்று கேட்கலாம். நியாயம்தான். அது ஜனங்களின் சொத்து, பூட்டக் கூடாது. ஆனால் பொதுச்சொத்து என்ற நியாயம் ஏன் எப்போதும் நம் வீட்டுப் பொருளுக்கு மட்டும் பொருந்துகிறது?

தாளம் போகட்டும். அவரே எழுதிய பாட்டுகளுக்கான ராயல்டியும் தனக்கு ஒழுங்காக வரவில்லை என்று கடைசிவரை சொன்னார். அந்தக் காலத்து இசைத்தட்டுக் கம்பெனிகளின் நடைமுறையே அப்படித்தான். முன்பணம் கொடுப்பான். ஒலிப்பதிவுச் செலவைப் பாடகன் கணக்கில் எழுதுவான். எத்தனை தட்டு விற்றது என்ற நோட்டு அவனிடமே இருக்கும். நம்ம ஊரில் பண்ணையாள் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1956இல் அவர் எழுதிய 'லவ் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' பாட்டைப் பதிப்பக வில்லங்கத்துக்குப் பயந்து தன் மனைவி எத்தல் ஸ்மித் பெயரில் பதிவுசெய்தார். மிக்கி, சில்வியா என்ற ஜோடி பாடி அது பெரிய வெற்றி பெற்றது.

வயதான காலத்தில் அவர் சொன்ன இரண்டு விஷயத்தை மறக்க முடியவில்லை. கதவைத் திறந்துவிட்டவன் நான், எல்லோரும் உள்ளே ஓடிவிட்டார்கள், கைப்பிடியோடு நான் வெளியே நின்றேன் என்பது ஒன்று. துப்பாக்கி வைத்திருப்பவனைவிடப் பென்சில் வைத்திருப்பவன் ஆபத்தானவன் என்பது இன்னொன்று. 1740ஆம் வருஷச் சட்டத்தில் எழுத்தைத் தடுத்தானே, அந்தச் சட்டத்தின் அர்த்தத்தை இருநூற்றைம்பது வருஷம் கழித்து ஒரு பாட்டுக்காரர் தன் வங்கிக் கணக்கிலிருந்து படித்துச் சொன்னார்.

*

போ டிட்லியைப் போராளியாக்கி மாலை போட எனக்கு விருப்பமில்லை. அவர் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கியவர் இல்லை. 1970களில் நியூ மெக்ஸிகோவில் லாஸ் லூனாஸ் என்ற ஊரில் குடியிருந்தபோது ஷெரிஃபின் கீழே காவல் துணையாளாகப் பேட்ஜ் குத்திக்கொண்டு ரெண்டரை வருஷம் வேலை பார்த்தார். ரோந்துக்கு மூன்று கார் வாங்கி இனாமாகக் கொடுத்தார். கறுப்பர்களை அடித்து நொறுக்கும் போலீசுக்குக் காரா என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். வாழ்நாளெல்லாம் போலீஸ் நிறுத்திச் சோதித்த ஒருவருக்கு அந்தப் பேட்ஜில் வேறு ஏதோ கிடைத்திருக்கலாம். அதை நான் நியாயப்படுத்தவில்லை, புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். நம் தெருவிலும் காக்கிச்சட்டை போட்ட முதல் ஆளைப் பார்க்க மொத்தச் சேரியும் திரண்டதே.

அவருடைய வாழ்க்கைப் பார்வை தொழிலாளியின் பார்வை. போதையைத் தொடாதே, தொழிலைக் கற்றுக்கொள், கையெழுத்துப் போடும் முன் படி. இளைஞர்களிடம் திரும்பத் திரும்ப இதைத்தான் சொன்னார். 1979இல் தி கிளாஷ் என்ற ஆங்கில பங்க் குழு அமெரிக்காவில் சுற்றியபோது அவர்களுக்கு முன்னால் மேடையேறினார். 1987இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். 1998இல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது. விருது என் செக் புத்தகத்தில் எண்ணை ஏற்றவில்லை என்றார். அதனால் எழுபத்தெட்டு வயதிலும் பெட்டிக் கிதாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ரசனைக்காக மட்டும் இல்லை, பிழைப்புக்காகவும்.

2007 மே மாதம் அயோவா மாகாணத்தில் ஒரு கச்சேரி முடிந்தபின் பக்கவாதம் தாக்கியது. பேச்சு தடுமாறியது. அந்த நவம்பரில் மெக்கோம் ஊர் அவருக்கு நினைவுப் பலகை வைத்தது. ஆறு வயசில் விட்டுப்போன ஊர். ஒரு காலத்தில் குண்டு வெடித்த ஊர். அவர் பாடுவதாக ஏற்பாடு இல்லை. உள்ளூர்க் கலைஞர் ஜெஸ்ஸி ராபின்சன் பாடிக்கொண்டிருந்தவர், கிழவரின் முகத்தைப் பார்த்து மைக்கை நீட்டினார். பேச்சு திரும்பாத வாயிலிருந்து பாட்டு வந்தது. நோய் விழுந்த பிறகு அவர் பொதுவில் பாடியது அது ஒரு முறைதான். 2008 ஜூன் 2, ஃப்ளோரிடாவில் ஆர்ச்சர் என்ற சின்ன ஊரில், தன் வீட்டில், இதயம் செயலிழந்து இறந்தார். வயது 79.

*

அம்பேத்கர் 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய எழுத்தை நாம் படித்திருக்கிறோம். அவர்களுடைய பாட்டுக்காரர்களின் கணக்கு நோட்டையும் படிக்கவேண்டும் என்பதுதான் நான் சொல்லவருவது.

அப்பா பறையை வெறுத்தது, அதை நம் கையில் இழிவாகத் திணித்ததால். பிள்ளைகள் பறையைத் தூக்குவது, அது நம் கலை என்பதால். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐநூறு ரூபாய்க்கும் ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கும் பெயரில்லாமல் அடித்தால், அது சாவு வீட்டு வாசலிலேயே நிற்பதுதான். வாசல்தான் மாறியிருக்கிறது. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 1994இல் நிகழ்த்துகிறவருக்கென்று உரிமை சேர்க்கப்பட்டது. 2012 திருத்தத்தில் ராயல்டி உரிமையும் வந்தது. அது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களிடம் தாளை நீட்டியவருக்குத் தெரிந்திருக்கும்.

போன மாதம் வேறொருவர் வந்தார். வேறொரு பதிவு, வேறொரு தாள். பிள்ளைகள் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் சட்டம் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டேன். தாளை வாங்கி, நின்றபடியே ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தாள். மூன்றாவது பத்தியை அடிக்கச் சொன்னாள். கடைசியில் ஏழு பேரின் பெயரையும் எழுதச் சொன்னாள். வந்தவருக்கு முகம் சரியில்லை. இப்படியெல்லாம் வழக்கமில்லையே என்றார்.

"இனிமே இதுதான் வழக்கம்," என்றாள். "பேனா இருக்கா?"